நான்கு நாட்கள் போதும்: நம் வட்டாரத்தின் திருவிழா நாட்களும் ஊர் கூடிப் போன கதைகளும்



இந்தக் காலாண்டு இதழுக்கு "நம் பகுதியின் வரலாறு பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் வணிகவியல் படித்தவன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டும் செப்பேடும் எனக்குப் படிக்கத் தெரியாது, பேரேடு படிக்கத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்தவும்.

முதலில் ஒரு கணக்கை நேர் செய்ய வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன்பு வரை நம் சங்கத்தில் வருடத்துக்கு இரண்டு முறை எல்லோரும் பஸ் பிடித்து ஒரு நாள் வெளியே போய் வந்தோம். அப்போது நான்தான் பொருளாளர். பொதுக்குழுவில் எழுந்து, "லிஃப்ட் ரிப்பேருக்கே பணம் போதவில்லை, சுற்றுலா எதற்கு? அவரவர் வேண்டுமானால் அவரவர் காரில் போகட்டும்" என்று பேசி, அந்தச் செலவைத் தவிர்க்கலாம் என்று தீர்மானம் கொண்டு வந்தவனும் நான்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்கவே இந்தக் கட்டுரை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மழையும் திருவிழாவும்

நம் கடலூர் மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் ஏரி நிரம்பும், ஆற்றில் தண்ணீர் ஓடும். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கத்துத் திருவிழாக்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஊர் திரண்டு வெளியே கிளம்பும் விழாக்கள் குறைவு. தையில் அறுவடை முடிந்து கையில் காசு, ஆற்றில் தண்ணீர். அப்போது ஆற்றுத் திருவிழா. மாசியில் கடல் அடங்கியிருக்கும்; அப்போது கடலுக்குப் போகும் மாசி மகம். பங்குனியில் உத்திரம். சித்திரை முதல் ஆனி வரை வயல் சும்மா கிடக்கும், இரவில் குளிராது. அப்போது திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, விடிய விடியத் தெருக்கூத்து ஆடி, கடைசியில் தீமிதி. இந்த வரிசையை யாரும் ஒரு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டு எழுதவில்லை. மழையும் நிலமும் சேர்ந்து எழுதியது.

வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் இருந்த வருடங்களில் இதே நாட்காட்டியை நான் பேரேட்டில் பார்த்தேன். ஆடியில் விதைக்கும் உழவுக்குமாக நகை உள்ளே வரும். தையில் வெளியே போகும். பங்குனி உத்திரத்துக்கு முந்தைய வாரம் கவுன்டரில் நிற்க இடம் இருக்காது. "கோயிலுக்குப் போகணும் சார், செயினை மட்டும் இன்னைக்கே எடுத்துக் குடுத்துடுங்க" என்பார்கள். உத்திரம் முடிந்த இரண்டாம் வாரமே அதே செயின் அதே பொட்டலத்தில் திரும்ப வரும். வட்டிக் கணக்குப்படி பார்த்தால் இது வீண் வேலை. அப்படித்தான் அப்போது நானும் நினைத்தேன்.

தை: ஆறும் ஜோதியும்

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றங்கரையில் ஆற்றுத் திருவிழா. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியாக வந்து, கடலூருக்கு அருகே கடலில் சேரும் ஆறு இது. அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களின் சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொள்ளும். திருவண்ணாமலை அண்ணாமலையாரே அன்று மணலூர்பேட்டைக்கு வருகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் வாசலில் நின்று நாம் சாமியைத் தேடிப் போகும் நாட்கள் பல. சாமியும் ஊரும் ஒன்றாகக் கிளம்பி ஆற்றுக்குப் போகும் நாள் இது.

அங்கே போனவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிறுவள்ளிக்கிழங்கு. வேக வைத்து உரித்துத் தின்றால் அந்த மண்வாசம் நாலு நாளைக்கு நாக்கில் இருக்கும். அப்புறம் பெரிய பெரிய அப்பளம், மண்பாண்டம், பிள்ளைகளுக்கு ராட்டினம். பல வருடங்களில் ஆற்றில் மணல்தான் இருந்தது, தண்ணீரைத் தேடிப் போய்த்தான் கால் நனைக்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டு, அதே ஆறு இரு கரையும் புரண்டு ஊருக்குள் வந்ததையும் பார்த்தோம். வற்றிய ஆற்றுக்கும் பொங்கிய ஆற்றுக்கும் நடுவில் ஜனங்கள் தை ஐந்தை மட்டும் விடவில்லை.

அடுத்து வடலூர். நாம் கும்பகோணம் சாலையில் தெற்கே போனால் நெய்வேலிக்கு அடுத்தது. இராமலிங்க வள்ளலார் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பிறகு நம் பக்கம் வந்து கருங்குழியில் தங்கினார். 1866-இல் சென்னை மாகாணத்தில் கடும் பஞ்சம். மறு வருடம், 1867 மே 23 அன்று, பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி கேட்காமல், மதம் கேட்காமல், ஊர் கேட்காமல் சோறு போடுகிறார்கள். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் சித்தி வளாகத்து அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டார்.

தைப்பூசத்தன்று ஆறு காலம் ஜோதி தரிசனம். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு வண்ணம் என்று ஏழு திரைகளையும் ஒவ்வொன்றாக விலக்கி ஜோதியைக் காட்டுவார்கள். அங்கே தேங்காய் உடைப்பது, சாமி சிலை, அபிஷேகம் எதுவும் கிடையாது. இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில் திருஅறை தரிசனம். 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறை நாளாகவும் ஆகிவிட்டது.

நம் சங்கத்தின் பழைய பயணங்களில் ஒன்று வடலூர் தைப்பூசம். அதில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் நம் பி பிளாக் பாட்டி ஒருவரைத் தவறவிட்டுவிட்டோம். தலை எண்ணி பஸ் ஏற்ற வேண்டிய பொறுப்பு என்னுடையது. நாற்பத்திரண்டு பேர் ஏறினார்கள் என்று டிக் அடித்துவிட்டேன், உண்மையில் நாற்பத்தொன்று. இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லச் சொல்லித் தேடினோம். அவர் தருமச்சாலையில் முன்பின் தெரியாத பெண்களோடு உட்கார்ந்து காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். "எனக்குக் கேட்டுச்சு தம்பி, கையில வேலை இருந்துச்சு, முடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். தீர்மானம் கொண்டு வந்தபோது இந்தச் சம்பவத்தையும் ஒரு காரணமாக நான் சொன்னேன். அந்தப் பாட்டி கடைசி வரை அந்த நாளைப் பற்றித்தான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்லவில்லை.

மாசி: கடலுக்குப் போகும் பெருமாள்

மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சாமிகள் வரும். தேவனாம்பட்டினம் நமக்குச் சில்வர் பீச் என்றுதான் பழக்கம். பக்கத்தில் இருக்கும் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் வாங்கியது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்தபோது, 1752 வரை கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமே இந்த ஊர்தான். இன்றைக்குப் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வரும் இடத்துக்கு அப்படி ஒரு காலம் இருந்தது.

ஆனால் மாசி மகத்தில் என் மனதுக்கு நெருக்கமானது ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமியின் பயணம்தான். பெருமாள் ஊர்வலமாகக் கிளம்பிக் கிள்ளை முழுக்குத்துறைக் கடலுக்குப் போகிறார். வழியில் தைக்காலில் தர்கா தரப்பில் மாலை, பட்டு கொடுத்து வரவேற்பார்கள். கோயில் தரப்பிலிருந்து பிரசாதம் கொடுப்பார்கள். இது பல தலைமுறையாக நடந்து வருகிறது. நம் மாவட்டத்தில் இப்படி ஒரு விஷயம் நடக்கிறது என்று நம் குடியிருப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்து, அந்தப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சக ஊழியர் சொல்லித்தான் தெரியும்.

வைகாசி, ஆனி: தேரும் பலாவும்

பண்ருட்டியில் கெடிலக் கரையில் திருவதிகை. அட்ட வீரட்டானங்களில் ஒன்று, சிவன் முப்புரம் எரித்த தலம் என்பது ஐதீகம். அந்தச் சண்டைக்குச் சிவன் தேரேறிப் போனார் என்பதால் இங்கே தேருக்குத் தனி மரியாதை. வைகாசியில் தேரோட்டம். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் பிறந்த திருவாமூரும் பண்ருட்டிக்குப் பக்கம்தான். சமண மடத்துத் தலைவராக இருந்தவர், சூலை நோய் தாங்காமல் இரவோடு இரவாகத் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரைத் தேடி வந்தார். அவர் முதல் பதிகம் பாடியது இந்தக் கோயிலில். பெரிய புராணக் கதையை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அது நடந்த இடம் நம் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம் என்று நினைத்துப் பார்த்திருக்கிறோமா? சிதம்பரத்தின் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். நம் காடாம்புலியூரின் பெயரிலும் ஒரு புலியூர் இருக்கிறது. பெயரால் நல்ல சொந்தக்காரர்கள் நமக்கு.

பலாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்தாலே நம் சாலையோரம் முழுக்க மணக்கும். செம்மண் மேட்டு நிலம், தண்ணீர் தேங்காது, அதனால் பலாவும் முந்திரியும் இங்கே பிடித்துக்கொண்டன. முந்திரி பிரேசில் நாட்டுப் பயிர். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது, இன்று நம் ஊர் அடையாளமாகவே ஆகிவிட்டது. வந்த இடத்தில் வேர் பிடிப்பதற்கு நமக்கு அதுவே உதாரணம். பலா இங்கே பழங்காலத்துச் சொத்து. பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்துத்தான் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் 'பாலூர் 1' என்ற ரகத்தை வெளியிட்டார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த ஒரு காலைப்பொழுதில் நம் சுற்றுவட்டாரத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வங்கி திறந்தபோது ஜெனரேட்டரில் இரண்டு கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. வரிசையில் நின்றவர்கள் கடன் கேட்கவே வெட்கப்பட்டார்கள். ஒரு விவசாயி என்னிடம், "மூணு வருஷத்துல முந்திரி வந்துடும் சார். பலா எங்கப்பா வெச்சது. நான் வெச்சா என் பேரன்தான் பழம் பறிப்பான்" என்றார். ஒட்டுக்கன்று வைத்தால் பலா நாலைந்து வருடத்தில் காய்க்கும் என்று எனக்குத் தெரியும், கடன் விண்ணப்பத்திலேயே அச்சடித்திருக்கும். ஆனால் அவர் சொன்னது அவர் அப்பா வைத்த மரத்தைப் பற்றி. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்த வருடம் ஆனியில் அதே மனிதர், தப்பிய ஒரே மரத்தில் பழுத்த பழத்தை அறுத்து, எங்கள் கிளை முழுவதற்கும் சுளை கொண்டு வந்து கொடுத்தார். "வருஷா வருஷம் யாருக்காவது அறுத்துக் கொடுப்போம் சார், இந்த வருஷம் மட்டும் எப்படி விடறது?" என்றார்.

பூமிக்கு அடியில் போன ஊர்கள்

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய நிறத்தில் ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 அன்று நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றி, அடியிலிருந்து பொங்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரியைத் தொட்டார்கள். மறு வருடம் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. சோவியத் நாட்டு உதவியோடு கட்டிய அந்த முதல் அனல் மின் நிலையம் ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்து 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்தப் புகைபோக்கிதான்.

சுரங்கமும் நகரியமும் வெறும் பொட்டலில் வரவில்லை. அங்கே ஊர்கள் இருந்தன. வீடு, தோப்பு, குளம், எல்லைச்சாமி எல்லாம் இருந்தன. மக்கள் இடம் மாறினார்கள். சில இடங்களில் வேறு வேறு ஊர்களாகப் பிரிந்தும் போனார்கள். வீட்டுக்கு இழப்பீடு கணக்கிடலாம். பக்கத்து வீட்டுக்குக் கணக்கிட வழியில்லை.

நகரியத்துக்குள்ளேயே இன்றும் இருப்பது வில்லுடையான்பட்டு முருகன் கோயில். வேலுக்குப் பதில் கையில் வில்லேந்தி நிற்கும் முருகன். பங்குனி உத்திரத்துக்குச் சுற்றிலும் உள்ள ஊர்களிலிருந்து பால்குடம், காவடி, செடல் என்று சாரை சாரையாக வருவார்கள். அரசுக் கோப்பில் ஊர் மாறிவிட்டது. ஆனால் நாளும் இடமும் மாறவில்லை.

நகரியத்தார் தங்கள் பங்குக்குப் புதிய விழாக்களையும் உண்டாக்கினார்கள். 1998 முதல் நடந்து வரும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி அதில் ஒன்று. வேலைக்காக நாடெங்கிலும் இருந்து வந்து வட்டம் வட்டமாகக் குடியிருந்தவர்களுக்கு அது ஒரு பொதுத் திருவிழா. பிள்ளைகள் உண்டியல் உடைத்துப் புத்தகம் வாங்கிய கதை நம் குடியிருப்பிலேயே பல வீடுகளில் உண்டு. நகரியத்து நடராஜர் கோயிலும் அப்படித்தான். பத்து அடிக்கும் மேல் உயரமான ஐம்பொன் நடராஜர், அங்கே குறையை எழுதிப் போட ஒரு முறைப்பெட்டி. மனு எழுதிப் போட்டுவிட்டு ஆராய்ச்சி மணி அடிக்கலாம். வங்கியில் புகார்ப் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்தவன் என்ற முறையில், அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் பொறுப்பாளர் மேல் இரக்கம் வரும்.

சி பிளாக் பெரியவர்

இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

போன ஐப்பசி மழையில் நம் சி பிளாக்கில் ஒரு பெரியவர் காலமானார். தனியாக இருந்தவர். பெயர் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியும். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். விமானம் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார். பிறகு, "அங்கிள், அப்பாவுக்கு அங்கே யார் நெருக்கம்? அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டேன். கை கூப்பும் படங்கள் நாற்பது வந்தன. நெருக்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அவருடைய ஓய்வூதியக் கணக்கைப் பல வருடம் நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவருடையது என்று சொல்லிவிடுவேன். கடைசி எழுத்தின் சுழியை மேலே இழுப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தச் சுழி மட்டும்தான்.

நம் வாட்ச்மேன்தான் சொன்னார். "வேற எங்கேயும் போக மாட்டாரு சார். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் விடியக்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பிடுவாரு. ராத்திரிதான் வருவாரு. வரும்போது எனக்குத் திருநீறும் பொரியும் கொண்டாருவாரு." மகனிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க ஊர் அங்கதான் இருந்தது அங்கிள். நான் பார்த்ததில்லை" என்றார்.

இந்தப் பங்குனியில் நான் வில்லுடையான்பட்டுக்குப் போனேன். எதற்கென்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கூட்டத்தில் யாரிடம் போய் என்ன கேட்பது? கடைத்தெரு தாண்டி ஒரு மரத்தடியில் வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒரு அம்மா நிமிர்ந்து, "அண்ணனோட ஃப்ளாட்டா நீங்க? ஏன் இன்னும் வரலை? இலை போட்டு வெச்சிருக்கோம்" என்றார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். எல்லோரும் ஒரே தெருக்காரர்கள். தெரு போய் நாலு ஊராகப் பிரிந்தார்கள். வருடத்தில் இந்த ஒரு நாள் இந்த மரத்தடிதான் அவர்கள் தெரு. நம் பெரியவர்தான் முதலில் வந்து பாய் விரித்து இடம் பிடிப்பாராம். ஆறு மாதமாக அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, ஏனென்றால் அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. அந்த இலையில் என்னை உட்கார்த்திச் சாப்பிட வைத்தார்கள். மறுக்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நான் கொண்டு வந்த தீர்மானத்துக்குக் கீழே வந்திருந்தோர் கையெழுத்து. அந்தச் சுழியும் இருந்தது. அன்று அவர் எதுவும் பேசவில்லை. அதற்கு முந்தைய பயணத்தில் வில்லுடையான்பட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னதாகவும், நேரமின்மையால் தள்ளி வைக்கப்பட்டதாகவும் அதே புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. சொன்னவர் யார் என்று குறிக்கவில்லை. குறித்தவன் நான்.

என் கோரிக்கை

ஊர் போனவர்கள் நாளைப் பிடித்துக்கொண்டார்கள். மரம் போனவர் பழம் அறுத்துக் கொடுப்பதை விடவில்லை. ஆறு வற்றினாலும் ஜனங்கள் தை ஐந்தை விடவில்லை. நாம் எல்லோரும் வேறு வேறு ஊரிலிருந்து வந்து ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள். நமக்கு என்று ஒரு நாளும் இல்லை. நான்கு நாட்கள் போதும் என்பது என் கணக்கு.

1. தை: ஆற்றுத் திருவிழா. மாலை போய் இரவு திரும்பிவிடலாம்.

2. பங்குனி உத்திரம்: வில்லுடையான்பட்டு. அந்த மரத்தடியில் நமக்கும் பாய் விரிக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

3. வைகாசி: காலையில் திருவதிகைத் தேர். மாலையில் நம் குடியிருப்பிலேயே பலாப்பழம் அறுத்து எல்லா வீட்டுக்கும் சுளை. எண்ணெய், கத்தி என் பொறுப்பு.

4. ஆனி, ஆடி: புத்தகக் கண்காட்சி நடக்கும்போது பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வடலூருக்குத் தைப்பூசக் கூட்டத்தில் பெரியவர்களைக் கூட்டிப் போக இனி எனக்குத் தைரியம் இல்லை. மாதப் பூசத்திலும் ஜோதி தரிசனம் உண்டு. ஏழு திரையும் விலகுவது தைப்பூசத்தில்தான் என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாதப் பூசமே நல்லது. தருமச்சாலையில் காய் நறுக்க விருப்பம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு நறுக்கவும்.

செலவைப் பற்றி: பஸ் வாடகையை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்வோம். பராமரிப்புக் கட்டணத்தில் கை வைக்க வேண்டாம். முடியாதவர்களுக்குக் கொடுக்க நான்கைந்து பேர் முன்வந்திருக்கிறோம், யார் யாருக்கு என்று எழுதி வைக்கப்போவதில்லை. வரும் பொதுக்குழுவில் என் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற நானே முன்மொழிகிறேன். யாராவது வழிமொழிய வேண்டும்.

இன்னொன்று. பயணம் கிளம்பும்போது தலை எண்ணும் வேலையை மறுபடி எனக்கே கொடுங்கள். இந்த முறை எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் சொந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.



– ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர், பி பிளாக், காடாம்புலியூர்